ரத்தக்குழாய் தைக்கப் பழகுவது: கோழித்தொடை, எலி, சிமுலேட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு சிறிய பயிற்சிக்கூடத்தில் இளம் சர்ஜன்களுக்கு ரத்தக்குழாய் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் கேள்வி கேட்பவர்கள் மாணவர்கள் மட்டுமில்லை. டயாலிசிஸ் நோயாளிகளின் வீட்டார் கேட்கிறார்கள், தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் பக்கத்துத் தெரு அக்கா கேட்கிறார், எங்களுக்குக் கோழி கொடுக்கும் கறிக்கடை பாயும் கேட்கிறார். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நம் பக்கம் ரத்தக்குழாயையும் ‘நரம்பு’ என்றுதான் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்: ரத்தம் ஓடுவது ரத்தக்குழாய். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை.

தையல் என்றால் தையல்தானே, ரத்தக்குழாய்க்கு ஏன் தனிப் பயிற்சி?

தோலில் ஒரு தையல் கோணலாகப் போனால் தழும்பு கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். ரத்தக்குழாயில் அப்படி விட முடியாது. அதன் உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பானது. வெளியுறையின் ஒரு நூலிழை உள்ளே தொங்கினாலும், ஒரு தையல் சுவரைக் கிழித்துவிட்டாலும், அந்த இடத்தில் ரத்தம் உறையத் தொடங்கும். உறைந்தால் குழாய் அடைத்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் விரலோ காலோ ரத்தமில்லாமல் தவிக்கும்.

அளவையும் பாருங்கள். தொடைத் தமனி 8, 9 மில்லிமீட்டர் இருக்கும். மணிக்கட்டுத் தமனி 2 முதல் 3 மில்லிமீட்டர். விரலுக்குப் போகிற தமனி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். காலில் 6-0, 7-0 நூல் போதும், விரலுக்கு 10-0 வேண்டும். சுழியத்துக்கு முன்னால் நிற்கும் எண் ஏற ஏற நூல் மெலிந்துகொண்டே போகும். 10-0 நூல் தலைமுடியில் பாதிகூட இருக்காது. அதன் ஊசியை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை எடுத்தால், மைக்ராஸ்கோப் இல்லாமல் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம்.

சீனியர் பக்கத்தில் நின்று தியேட்டரிலேயே கற்றுக்கொண்டால் போதாதா? அந்தக் காலத்தில் அப்படித்தானே?

நானும் அப்படித்தான் கற்றேன். அதனால்தான் போதாது என்று சொல்கிறேன்.

முதுநிலை படித்த காலத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு டயாலிசிஸுக்காக மணிக்கட்டில் ஃபிஸ்டுலா வைத்தேன். சிரையின் முனையைத் தமனியின் பக்கவாட்டில் இணைக்கிற ஆபரேஷன் அது. தமனியின் அழுத்தத்தில் சில வாரங்களில் சிரை பருத்து, டயாலிசிஸ் ஊசி போடத் தோதாகிவிடும். மணிக்கட்டில் ஃபிஸ்டுலா வைப்பது நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ என்ற டாக்டர்களின் குழு 1966-ல் வெளியிட்ட முறை. இன்றும் உலகமெங்கும் செய்கிறார்கள்.

கடைசித் தையல் போட்டு, ரத்தம் வராமல் குழாயைக் கவ்வியிருந்த கிளாம்பை எடுத்து, சிரையின்மேல் விரலை வைத்தேன். இணைப்பு சரியாக இருந்தால், ஓடுகிற தையல் மெஷின்மேல் கை வைத்ததுபோல அதிரும். என் விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு, “பிரிம்மா, எந்தத் தையல்னு பாரு” என்றார். பிரித்தேன். முன்சுவரில் போட்ட நான்காவது தையல் எதிரே இருந்த பின்சுவரையும் சேர்த்துப் பிடித்திருந்தது. குழாயின் வாய் பாதி மூடியே போயிருந்தது. கை மட்டும்தான் மரத்திருந்தது, ஆள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். “இன்னாம்மா, முடிஞ்சுதா?” என்று கேட்டார். “இன்னும் கொஞ்ச நேரம்ணா” என்றேன்.

இரண்டாவது முறை இணைப்பு அதிர்ந்தது, அவருக்கு நல்லபடியாக முடிந்தது. ஆனால் பின்சுவரைப் பிடிப்பது எல்லாப் புதியவர்களும் செய்கிற தவறு. அதை ஒரு கோழித்தொடையில் செய்து, அறுத்துப் பார்த்து, திருந்தியிருக்கலாம். அவர் கையில் செய்திருக்க வேண்டியதில்லை.

செத்த விலங்கிலும் காய்கறியிலும் பழகுவது இப்போது வந்த பழக்கமா?

ரொம்பப் பழசு. சுசுருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அறுக்கப் பழகச் சுரைக்காய், வெள்ளரி. சிரையில் குத்தப் பழகச் செத்த விலங்கின் ரத்தக்குழாயும் தாமரைத் தண்டும். தைக்கப் பழகத் துணியும் தோலும். சாஸ்திரம் எல்லாம் படித்திருந்தாலும் கை பழகாதவர் வேலைக்கு ஆகமாட்டார் என்பதுதான் அந்த அத்தியாயத்தின் சாரம்.

இன்று நாம் தைக்கும் முறை அலெக்சிஸ் கேரலிடமிருந்து வந்தது. 1894-ல் பிரான்ஸின் அதிபர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துப்பட்டு, கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை அறுந்து இறந்தார். அதைத் தைக்கத் தெரிந்தவர் அன்று யாருமில்லை. அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த கேரலை அது உறுத்தியது. பூவேலை செய்யும் ஓர் அம்மையாரிடம் போய் மெல்லிய ஊசியும் நூலும் கையாளக் கற்றுக்கொண்டார். 1902-ல் தன் முறையை வெளியிட்டார்: குழாயின் வட்டமான வாயில் மூன்று இடத்தில் தையல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகும், அப்புறம் மூன்று நேர்கோடுகளைத் தைத்தால் போதும். 1912-ல் நோபல் பரிசு பெற்றார். வண்ணாரப்பேட்டையில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் பெண்களின் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கேரல் நினைவுதான் வரும்.

கேரல் தன் முறையைத் தேற்றியது நாய்களில். அதை மறைக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் வடசென்னையில் நடக்குமா? பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் அந்தப் பக்கம்தானே?

இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் வருத்தம் தரும். இந்தியாவில் இதயத்தின் ரத்தக்குழாய்க்கான முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை 1975-ல் டாக்டர் கே. எம். செரியன் செய்தது பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான். ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாதவரத்தில் இருக்கிறது. துறைமுகம், லேத் பட்டறை, விசைப்படகு என்று கையை இயந்திரத்துக்கு நடுவில் வைத்துப் பிழைக்கிற ஊர் இது. ரத்தக்குழாய் தைக்கத் தெரிந்தவர்கள் இங்கேதான் அதிகம் வேண்டும்.

முதல் நாள் என்ன செய்யச் சொல்வீர்கள்?

கையுறை ரப்பரை ஒரு டம்ளர் வாயில் இழுத்துக் கட்டி, அதில் ஒரு கீறல் போட்டுத் தைக்கச் சொல்வேன். ஊசியை அதன் வளைவின்படியே செலுத்துவது, முடிச்சை இறுக்காமல் படியவைப்பது, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்வது எல்லாம் இதில் வந்துவிடும். நடுக்கம் எல்லோருக்கும் உண்டு. கை ஊன்றியிருந்தால் பாதி அடங்கிவிடும், முந்தின ராத்திரி தூங்கியிருந்தால் மீதியும் அடங்கும். மைக்ராஸ்கோப் கிடைக்கவில்லை என்று யாரும் காத்திருக்க வேண்டாம். மொபைல் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கூடத் தொடங்கலாம். ஆழம் தெரியாது என்பது அதன் குறை.

காலாவதியான நூல் பாக்கெட்டுகள் இந்தப் பயிற்சிக்குப் போதும். ஆனால் அவை பயிற்சிக்கூடத்தில் பூட்டிய அலமாரியை விட்டு வெளியே வரவே கூடாது. இதில் நான் ரொம்பக் கண்டிப்பு.

கோழித்தொடையில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே இருக்கிறது. தொடைத் தசைகளைப் பிரித்தால் தமனி, சிரை, நரம்பு மூன்றும் ஒரு கட்டாக ஓடும். தமனி 1 மில்லிமீட்டரில் தொடங்கி 2 மில்லிமீட்டருக்கு மேலும் கிடைக்கும். விரல் தமனி முதல் மணிக்கட்டுத் தமனி வரைக்கும் இதிலேயே பழகலாம். இதற்கென்று ஒரு விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோழி எப்படியும் கடைக்கு வந்ததுதான்.

வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. லெக் பீஸாக வெட்டும்போது கத்தி தமனியையும் சேர்த்து அறுத்துவிடும். அதனால் இடுப்போடு சேர்ந்த முழுத்தொடையாக, தோலோடு கேட்க வேண்டும். எங்கள் பாய்க்கு இப்போது சொல்லவே வேண்டாம். முதல் நாள் மட்டும், “கழுவிக் குடுக்கவா டாக்டரம்மா, அப்டியே குடுக்கவா?” என்று கேட்டார். “கழுவ வேணாம் பாய், இன்னிக்கு வெட்டினதா மட்டும் குடுங்க” என்றேன். எதற்கு என்று விவரம் சொன்னேன். அவர் மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் எங்களுக்கான தொடைகளை அவரே தனியாக எடுத்துவைத்துவிடுகிறார்.

தைக்கும் முறை இது. தமனியைச் சுற்றியிருக்கும் கொழுப்பையும் வெளியுறையையும் முனையிலிருந்து நீக்குங்கள். புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். இரட்டைக் கிளாம்ப் போட்டு, நடுவில் நேராக வெட்டி, மழுங்கிய ஊசியில் சலைன் பீய்ச்சி உட்புறத்தைக் கழுவுங்கள். முதல் இரண்டு தையலை எதிரெதிரே போடாமல், ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளிப் போடுங்கள். இரண்டையும் இழுத்துப் பிடித்தால் பின்சுவர் தானாக விலகித் தொங்கும், முன்சுவர்த் தையலில் மாட்டாது. முன்பக்கம் முடிந்ததும் கிளாம்பைத் திருப்பிப்போட்டு, குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, அப்புறம் பின்பக்கம் தையுங்கள். 1 மில்லிமீட்டர் தமனிக்கு எட்டுத் தையல் அளவில் போதும். கசியுமே என்ற பயத்தில் பன்னிரண்டு போடுவார்கள். ஒவ்வொரு தையலும் சுவரில் ஒரு காயம் என்பதை மறக்கக் கூடாது.

தைத்து முடித்ததும் சிவப்பு மை கலந்த தண்ணீரை உள்ளே செலுத்திக் கசிவு பார்ப்போம். அதற்கப்புறம்தான் உண்மையான பரீட்சை. இணைப்பை நீளவாக்கில் கத்தரியால் பிளந்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே விரித்து வைப்போம். வெளியே அழகாகத் தெரிந்த தையல் உள்ளே எப்படி இருக்கிறது என்று அப்போது தெரியும். போன மாதம் ஒரு மாணவி தன் ஆறாவது தொடையைப் பிளந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவேயில்லை. ஏழு தையல் ஒழுங்காக நின்றது, ஒன்றுமட்டும் இரண்டு சுவரையும் பிடித்து நடுவில் கம்பிபோல நின்றது. அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். நோயாளியின் உடம்பில் இந்தப் பிளந்து பார்க்கும் வசதி நமக்குக் கிடைக்காது.

பயிற்சி முடிந்த தொடையை யாரும் சமைக்க எடுத்துப்போகக் கூடாது. மருத்துவக் கழிவோடு போக வேண்டும்.

பெரிய குழாய்களுக்கு?

ஆடுமாடு அறுக்கும் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி இருக்கிறதே. ஆட்டின் கழுத்துத் தமனியில் ஒட்டுத் தையலும், இதயத்தில் பைபாஸும் பழகலாம். மாட்டின் மகாதமனியில், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியில், செயற்கைக் குழாயை வைத்துத் தைக்கலாம். பிரசவத்துக்குப் பின் கிடைக்கும் நஞ்சுக்கொடியிலும் நல்ல ரத்தக்குழாய்கள் உண்டு. மனிதத் திசு என்பதால் தாயின் சம்மதமும் தொற்றுப் பரிசோதனையும் கட்டாயம்.

அப்படியென்றால் உயிருள்ள விலங்கு எதற்கு? அதை விட்டுவிடலாமே?

சோறு வைக்கும் அக்கா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி.

சட்டம் அவர் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர் நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்துதான் அது தொடங்கியது. அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: மாதிரிகளும் படங்களும் போதுமென்றால் மருத்துவக் கல்லூரிகளில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும். வெறும் கைப்பழக்கத்துக்காக மட்டும் விலங்கில் செய்வதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். எலியில் செய்வதற்கே நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். பன்றி போன்ற பெரிய விலங்கென்றால் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் அனுமதியும் தேவை.

அப்படியும் நான் முழுவதும் வேண்டாம் என்று சொல்வதில்லை. செத்த குழாய் சொல்லித்தராத மூன்று விஷயங்கள் உண்டு. உயிருள்ள தமனியைத் தொட்டால் அது சுருங்கிக்கொள்ளும். ரத்தம் உறையும். தவறினால் பீறிட்டு வரும், பார்க்கிற இடமே சிவந்து ஒன்றும் தெரியாமல் போகும், அப்போது பதறாமல் விரலால் அழுத்திக்கொண்டு யோசிக்க வேண்டும். தையல் முடிந்து கிளாம்பை எடுத்த உடனே ஓடுகிற குழாய், இருபது நிமிடத்தில் அடைத்துக்கொள்வதும் உண்டு. அந்த இருபது நிமிடம் காத்திருக்கும் பொறுமையைக் கோழித்தொடை கற்றுத்தராது.

ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சோதனை உண்டு. இணைப்புக்குக் கீழே குழாயை இரண்டு ஃபோர்செப்ஸால் (நுனி மெலிந்த இடுக்கி) பக்கத்துப் பக்கத்தில் மெதுவாகப் பிடித்து, ஒன்றைக் கீழ்நோக்கி வழித்து நடுவிலுள்ள ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். இணைப்பை ஒட்டியிருக்கும் ஃபோர்செப்ஸை விட்டதும் வெறுமையான இடம் சட்டென்று நிரம்பினால் இணைப்பு திறந்திருக்கிறது. இதைச் செத்த குழாயில் பழக முடியாது.

ஆகவே எங்கள் வரிசை இதுதான்: ரப்பர், கோழி, ஆடு, அதையெல்லாம் திருப்தியாக முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் அனுமதி பெற்ற கூடத்தில் எலி. ஊசி பிடிக்கத் தெரியாதவரிடம் ஓர் உயிரைக் கொடுப்பது எலிக்கும் அநியாயம், பாடத்துக்கும் வீண்.

எலிக்கு வலிக்காதா?

முழு மயக்கத்தில்தான் செய்வோம். காலைக் கிள்ளிப் பார்த்து, அசைவில்லை என்று உறுதியான பிறகே கத்தி வைப்போம், நடுநடுவேயும் பார்ப்போம். மயக்கத்திலிருந்து அதை எழுப்புவதில்லை, மயக்கத்திலேயே முடித்துவிடுவோம். ஒரே எலியில் இரண்டு பக்கத் தொடைத் தமனி, சிரை, வயிற்று மகாதமனி என்று எல்லாவற்றையும் பழகிவிடுவோம், இன்னோர் எலி வேண்டியிராது. குறை, மாற்று, வேதனை தவிர் என்று 1959-ல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த மூன்று நெறிகளைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

சிமுலேட்டர் வந்துவிட்டால் விலங்கே வேண்டாமா?

எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. தொடையில் ஒரு துளை போட்டு, கம்பியையும் குழாயையும் உள்ளே ஓட்டி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே அடைப்பைத் திறக்கிறார்களே, அந்த வேலைக்கு சிமுலேட்டர் அருமையானது. கம்பியைத் தள்ளினால் திரையில் கம்பி நகரும், தடை இருந்தால் கையில் தெரியும். எவ்வளவு நேரம் எக்ஸ்ரே ஓட்டினீர்கள், எவ்வளவு மருந்து செலுத்தினீர்கள் என்று கணக்கும் காட்டும். கதிர்வீச்சே இல்லாமல் நூறு முறை தவறு செய்யலாம். 2004-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கழுத்துத் தமனியைத் திறந்துவைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டுக்கு அனுமதி கொடுத்தபோது, அதை வைக்கப்போகும் டாக்டர்களுக்கான பயிற்சியில் சிமுலேட்டரும் இடம்பெற்றது.

ஊசி நூல் வேலைக்குக் கணினி சிமுலேட்டர் இன்னும் அவ்வளவு தேறவில்லை என்பது என் அனுபவம். திசு கிழியப்போகிறது என்று விரலுக்குத் தெரிகிற அந்தக் கணத்தை அது தருவதில்லை. பம்ப் வைத்துத் துடிக்கவைக்கும் சிலிக்கான் குழாய்கள் அதைவிட நல்லவை. கையில் காசு குறைவாக இருக்கும் கல்லூரி எதை முதலில் வாங்க வேண்டும் என்று கேட்டால், இரண்டு நல்ல மைக்ராஸ்கோப்பும் ஒரு ஃப்ரிட்ஜும் என்பேன்.

ஒருநாள் வர்க்‌ஷாப் போய்ச் சான்றிதழ் வாங்கினால் போதாதா?

போதாது. டொரான்டோவில் 38 பயிற்சி சர்ஜன்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. நுண்ரத்தக்குழாய் இணைப்பைப் பாதிப்பேருக்கு ஒரே நாளில் கற்றுக்கொடுத்தார்கள். மீதிப்பேருக்கு அதே பயிற்சியை வாரத்துக்கு ஒருமுறை என்று நான்காகப் பிரித்துக் கொடுத்தார்கள். மொத்த நேரம் இருவருக்கும் ஒன்றுதான். ஒரு மாதம் கழித்து மயக்கத்திலிருந்த எலியின் மகாதமனியில் தைக்கச் சொன்னபோது, வாரவாரம் பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். அதனால்தான் எங்கள் வகுப்பு வாராவாரம் சனிக்கிழமை நடக்கிறது. ஒரே நாளில் முடித்துத் தரும்படி கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

விரல் துண்டானால் ஐஸில் போட்டுக் கொண்டுவரலாமா?

பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத கேள்விதான், ஆனால் காசிமேட்டுக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மீன் ஐஸில் விரலை நேராகப் புதைத்துக் கொண்டுவருகிறார்கள். அது உறைந்து திசு கெட்டுவிடும், எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் பிழைக்காது. சுத்தமான துணியைச் சலைனிலோ நல்ல தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்து, விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் விரலைத் தொடக் கூடாது. இப்படிக் குளிர்ச்சியாக வைத்த விரல் பல மணி நேரம் தாங்கும். தசை அதிகமுள்ள கையோ காலோ என்றால் சில மணி நேரம்தான், உடனே கிளம்புங்கள்.

எனக்கு ஃபிஸ்டுலா வைக்கப்போகும் டாக்டர் புதியவரா என்று கேட்கலாமா? கோபித்துக்கொள்வாரோ?

கேளுங்கள், உங்கள் கைதானே. “இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், கூட சீனியர் யாராவது இருப்பார்களா, முதல் முறை ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள்?” இந்த மூன்றையும் கேட்கலாம். நன்றாகப் பழகியவர் கோபப்பட மாட்டார். பாயின் மனைவிக்கு ஃபிஸ்டுலா வைத்த டாக்டரிடம் இதைத்தான் கேட்கச் சொன்னேன். அவர் எங்கள் கூடத்தில் பழகியவர் இல்லை. ஆனாலும் உட்காரவைத்து, ஒரு தாளில் படம் வரைந்து, மூன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் பாய் கடையில் என்னைப் பார்த்ததும் தன் மணிக்கட்டில் விரல் வைத்துக் காட்டி, “அதிருது டாக்டரம்மா” என்றார்.